கையால் கட்டிய பக்கிக்குப் பழைய மாருதி 800 ஸ்டீயரிங் ராக்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பரிசோதனைக்குத் தயார் செய்வது

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டிலோ கல்லூரிப் பட்டறையிலோ குழாய் வளைத்துக் கட்டும் சின்ன வண்டிக்கு, நல்ல நிலையில் இருக்கும் பழைய மாருதி 800 ராக் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக்கிச் சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு, அதன் கூட்டோடு) இன்றைக்கும் தாராளமாக வாங்கலாம். முழு செட்டாக வாங்க வேண்டும். அதை அறுக்கக் கூடாது. அதில் வெல்டு வைக்கக் கூடாது. இந்த மூன்றையும் காப்பாற்றினால் ஸ்டீயரிங் பரிசோதனையில் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒன்று தவறினாலும் பரிசோதகர் கேட்கிற முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

புதுச்சேரி, கடலூர் பக்கத்துப் பொறியியல் மாணவர்களும், சொந்த நிலத்தில் ஓட்ட பக்கி கட்டுகிறவர்களும்தான் இதைப் படிக்க வேண்டியவர்கள். இப்படிக் கட்டிய வண்டியைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி எந்த வண்டியின் முன்மாதிரியும் அங்கீகரித்த சோதனை நிலையத்தில் தேறினால்தான் பதிவுக்கே போகும். ஆகவே இங்கே பரிசோதனை என்று சொல்வது பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா (மாணவர்கள் கட்டிய பக்கிகளுக்கான கரடுமுரடுத் தடப் போட்டி), ஃபார்முலா மாணவர் போட்டி (மாணவர்கள் கட்டிய சின்னப் பந்தயக் கார்களுக்கானது) போன்றவற்றில் வண்டியைத் தடத்தில் விடுவதற்கு முன் நடக்கும் தொழில்நுட்பப் பரிசோதனையை. போட்டிக்குப் போகாமல் தோப்புக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களும் இதே அளவுகோலை வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டீயரிங் கழன்றால் தோப்பு என்ன, தடம் என்ன.

மாருதி 800 ஏன்? 1983 டிசம்பர் முதல் 2014 ஜனவரி வரை வந்த வண்டி. அதனால் பூட் (ராக் முனையை மூடும் ரப்பர் உறை), பால் ஜாயின்ட் (பந்து மூட்டு), டை ராட் எண்டு (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை) எல்லாம் சாதாரண ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலேயே புதிதாகக் கிடைக்கும். பவர் ஸ்டீயரிங் சிக்கல் இல்லாத கைமுறை ராக்கும் பினியனும் (ராக்கை நகர்த்தும் சின்னப் பல்சக்கரம்). ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள காரைத் திருப்பிய பாகம், அதில் பாதிகூட இல்லாத பக்கியில் உட்காரும்போது வலிமைக்குக் குறைவே இல்லை. மாணவர் வண்டிகளுக்கென்றே அலுமினியத்தில் கடைந்து விற்கிற சின்ன ராக்குகளும் உண்டு. எடை குறைவு, பார்க்க அழகு, கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் நிறையத் திரும்பும். பல் எந்த எஃகு, எவ்வளவு கடினப்படுத்தியது என்று தயாரிப்பாளர் தாளில் எழுதித் தந்தால் வாங்குங்கள். தரவில்லை என்றால் அந்தப் பல்லை நம்பி உட்காரக் கூடாது.

ராக் தேட சென்னைப் புதுப்பேட்டைக்குப் போவது வழக்கம். இங்கேயே காயலான் கடைகளிலும் பழைய மாருதி உடைபட வருகிறது. நம் பக்கத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஊரே தண்ணீரில் நின்றது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகி பாகூர், கடலூர் பக்கமும் மூழ்கியது. அப்படித் தண்ணீரில் நின்ற கார்களின் ராக் வெளியே பளபளவென்று இருக்கும். பூட்டில் ஒரு சின்ன வெடிப்பு இருந்திருந்தால்கூட உள்ளே போன சேற்றுத் தண்ணீர் வெளியே வர வழியே இல்லை. அதனால் எந்த ராக்காக இருந்தாலும் இரண்டு பக்கத்துப் பூட்டையும் விலக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கிரீஸ் கறுத்திருந்தால் பரவாயில்லை. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. செம்பழுப்பாகி விரலில் நறநறவென்று பட்டால் பல்லில் துரு இறங்கிவிட்டது. அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது தேய்மானம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கார் பெரும்பாலும் நேராகத்தான் ஓடும் என்பதால், ராக்கின் நடுப்பகுதிப் பற்கள் மட்டும் நடுவில் குழிந்த அம்மி மாதிரி தேயும். இரண்டு முனைப் பற்களும் புதிதாகவே இருக்கும். கடைக்காரர் வலக்கோடி இடக்கோடி வரை திருப்பிக் காட்டி, "பாருங்க, வெண்ணெய் மாதிரி ஓடுது" என்பார். ஓடத்தான் செய்யும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ராக்கை மரத்துண்டு வைத்து வைஸில் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, ராக் தண்டை ஒருவர் அசையாமல் பிடிக்க, பினியனைக் கையால் இப்படியும் அப்படியும் அசைத்து ஆட்டத்தைப் பாருங்கள். அதையே இடக்கோடியிலும் வலக்கோடியிலும் செய்யுங்கள். மூன்று இடத்திலும் ஆட்டம் ஒன்றுபோல இருந்தால் தேய்மானம் சீராக இருக்கிறது, அட்ஜஸ்ட் செய்து சரிக்கட்டலாம். நடுவில் மட்டும் தெளிவாகக் கூடுதல் என்றால் அந்த ராக்கைக் கீழே வைத்துவிடுங்கள்.

காரணம் இதுதான். பினியனுக்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு கட்டை, ராக்கைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கிறது. அதன் மூடித் திருகை இறுக்கினால் ஆட்டம் குறையும். நடுவில் தேய்ந்த ராக்கை நடுவில் ஆட்டமில்லாமல் இறுக்கினால், தேயாத கோடிப் பற்களில் போய்ச் சிக்கிக்கொள்ளும். வளைவிலிருந்து ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாது. ஆட்டத்தைவிட இது ஆபத்து. ஆட்டம் இருக்கிற வண்டியை ஓட்டுகிறவர் உணர்ந்து மெதுவாக ஓட்டுவார். சிக்குகிற வண்டி, சிக்குகிற அந்த நொடி வரை எதையும் காட்டிக்கொடுக்காது. நல்ல ராக்கிலும் திருகை லேசாக இறுகும் வரை கொண்டுபோய், கொஞ்சம் பின்வாங்கி, லாக் நட்டைப் போட்டு, ஒரு கோடி முதல் மறு கோடி வரை எங்கேயும் கனக்காமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே முடித்ததாகக் கொள்ள வேண்டும்.

பினியனுக்கு எதிர் முனையில் ராக் தண்டைத் தாங்கும் புஷ் ஒன்று உண்டு. அந்த முனையை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். டக் டக் என்று அடித்தால் புஷ் போயிருக்கிறது. மாற்றிவிடலாம், அதற்காக ராக்கை ஒதுக்க வேண்டாம். தண்டு வளைந்திருந்தால் மட்டும் மன்னிப்பே இல்லை. பள்ளத்தில் விழுந்து மோதிய வண்டியின் ராக் அப்படித்தான் இருக்கும். லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்தால் தெரிந்துவிடும். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் இதைச் செய்து தரும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. "நிமிர்த்தித் தரேன்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கடினப்படுத்திய எஃகு நிமிரும்போது கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு நிமிரும்.

முழு செட் என்று சொன்னேன். ராக், அதைப் பிடிக்கும் கிளாம்பு இரண்டும் ரப்பரோடு, இரண்டு பக்க டை ராடு, ஸ்டீயரிங் காலத்தின் கீழ்த்தண்டு அதன் யூனிவர்சல் ஜாயின்டோடு (கோணத்தில் வளைந்தும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு), முடிந்தால் அதே காரின் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்). கீழ்த்தண்டை விட்டுவிட்டு ராக்கை மட்டும் வாங்கினவர்கள், பினியன் ஸ்பிளைனுக்கு (தண்டின் மேல் நீளவாட்டில் வெட்டிய பற்களுக்கு) பொருந்தும் பாகம் கிடைக்காமல் கடைசியில் ஒரு குழாயைச் சொருகி வெல்டு வைத்துவிடுகிறார்கள். தேறாமல் போவதற்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. கீழ்த்தண்டின் கிளாம்பு போல்ட் பினியன் தண்டில் இருக்கும் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். பள்ளத்தைத் தாண்டிப் பாதி மட்டும் சொருகி இறுக்கினாலும் கைக்கு இறுக்கமாகவே தோன்றும், ஆனால் குலுக்கலில் உருவிக்கொண்டு வந்துவிடும்.

இனி அறுப்பது பற்றி. பக்கி குறுகலாக இருக்கும், ராக் நீளமாக இருக்கும், நடுவில் வெட்டி ஒட்டிவிடலாம் என்ற யோசனை எல்லாருக்கும் வரும். ராக் தண்டு கடினப்படுத்திய எஃகு. வெல்டு வைத்தால் வெப்பம் பட்ட ஓரம் நொறுங்கும் தன்மைக்கு வந்து, பிறகு ஒரு கல்லில் சக்கரம் இடிக்கும்போது அங்கேயே பிளக்கும். வெட்டாமல் சமாளிக்க ஒரே வழி, சேஸிஸ் குழாயை அறுப்பதற்கு முன்பே ராக்கை வாங்கிவிடுவது. சஸ்பென்ஷன் கைகளின் உள் முனைகளை ராக்கின் உள் பால் ஜாயின்டுகளுக்கு ஏற்ப வைத்துக் குழாய் வெட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகத் திரும்பும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தை 25 மி.மீ. 25 மி.மீ.-ஆகத் தூக்கி, ஒவ்வொரு படியிலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) எவ்வளவு மாறுகிறது என்று அளந்து தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதகர் கேட்டால் காட்டுவதற்கு அந்தத் தாளே போதும்.

திசையையும் ஒரு தடவை யோசியுங்கள். சக்கர அச்சுக்குப் பின்னால் ஸ்டீயரிங் கை (டை ராடு மாட்டும் பகுதி) நீட்டிய நக்கிளில், ராக் வலப்பக்கம் நகர்ந்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். கை அச்சுக்கு முன்னால் இருந்தால் நேர்மாறு. பின்னால் இருக்க வேண்டிய ராக்கை இடவசதிக்காக முன்னால் கொண்டுபோய் மாட்டினால் ஸ்டீயரிங் தலைகீழாக வேலை செய்யும். பினியன் தண்டையே அச்சாக வைத்து ராக்கைச் சுற்றிப் போட்டால் திசை சரியாகும், ஆனால் பினியன் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போய்விடும். பிராக்கெட்டை நிரந்தரமாக வெல்டு வைப்பதற்கு முன் கம்பியால் கட்டிப் பார்த்துத் திருப்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ராக்கின் ஓட்டம் எவ்வளவு வேண்டும் என்பது எளிய கணக்கு. ஸ்டீயரிங் கை 100 மி.மீ. நீளம், சக்கரம் 30 பாகை திரும்ப வேண்டும் என்றால் ராக் ஒவ்வொரு பக்கமும் சுமார் 50 மி.மீ. போக வேண்டும். அதற்கு மேல் போக விடாமல் நிறுத்தும் தடுப்பு நக்கிளிலோ ராக்கிலோ கட்டாயம் இருக்க வேண்டும். டயர் குழாயில் இடித்து நிற்பதைத் தடுப்பு என்று யாரும் ஏற்க மாட்டார்கள். தடுப்பு இல்லாவிட்டால் டை ராடும் கையும் ஒரே கோட்டுக்கு வந்து, அந்தக் கோட்டையும் தாண்டி மடங்கிவிடும். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் எதிர்த்திசைக்குப் போகும்.

கிளாம்பு ரப்பர் பழசாக இருந்தால் ராக் மொத்தமாகப் பக்கவாட்டில் அசையும். பரிசோதகர் கையால் ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லிவிட்டுக் கீழே குனிந்து பார்ப்பது இதைத்தான். லேத்தில் கடைந்த நைலான் புஷ் போட்டால் அசைவு நிற்கும். கிளாம்பை மட்டும் வெறியோடு இறுக்காதீர்கள். ராக்கின் வெளிக்குழாய் மெல்லியது, நசுங்கினால் உள்ளே தண்டு சிக்கும்.

மாருதியின் பினியன் வலப்பக்கம், பக்கியின் இருக்கையோ நடுவில். இதுதான் இந்த ராக்கின் பெரிய குறை. தண்டைச் சாய்த்துக் கொண்டுவர இரண்டு யூனிவர்சல் ஜாயின்ட் தேவைப்படும். ஒரே ஜாயின்டில் 30 பாகை வளைத்தால், ஒரு சுற்றுக்குள்ளேயே திருப்பும் விகிதம் 0.87-க்கும் 1.15-க்கும் இடையே ஏறி இறங்கும். ஓட்டுகிறவர் கைக்கு அது கனமும் லேசுமாக மாறி மாறித் தெரியும். இரண்டு ஜாயின்டிலும் கோணத்தைச் சமமாக வைத்து, நடுத்தண்டின் இரண்டு கவைகளையும் ஒரே தளத்தில் அமைத்தால் ஒன்றின் ஏற்றத்தை இன்னொன்று சரிக்கட்டிவிடும். நடுத்தண்டு நீளமானால் அதைத் தாங்க ஒரு பேரிங் வையுங்கள்.

டை ராடில் முடிந்தவரை காரின் சொந்த பால் ஜாயின்டையே வைத்துக்கொள்ளுங்கள். ராட் எண்டு (துளையுள்ள பந்தைக் கூட்டுக்குள் வைத்த முனை) போட்டே ஆக வேண்டும் என்றால், அதை இரண்டு தகட்டுக்கு நடுவே வைத்து போல்ட் போடுங்கள். ஒரே பக்கம் பிடித்தால் போல்ட் வளைய ஆரம்பிக்கும். அதோடு, பந்தின் கூடு தேய்ந்து பந்து வெளியே வந்துவிட்டால் டை ராடைப் பிடித்துக்கொள்ள, கூட்டின் உள்விட்டத்தைவிடப் பெரிய வாஷரும் வேண்டும். மரை குறைந்தது விட்டத்தின் ஒன்றரை மடங்கு உள்ளே போயிருக்க வேண்டும். 12 மி.மீ. தண்டுக்கு 18 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் ஜாம் நட் வேண்டும். நட் வாங்கும்போது மரை கேஜ் வைத்துப் பிட்ச்சை (மரைக்கு மரை உள்ள தூரத்தை) பார்த்துவிடுங்கள். 1.25 பிட்ச் தண்டில் 1.5 பிட்ச் நட்டை ஸ்பானர் போட்டு ஏற்றினால் ஏறுகிற மாதிரிதான் தோன்றும், மரை போய்விட்டிருக்கும்.

கடலோரத்தில் இருப்பதால் எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் போல்டாகப் போட்டுவிடும் பழக்கம் இங்கே நிறைய. ஸ்டீயரிங்கில் அதை விட்டுவிடுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 போல்ட் 450 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும். 8.8 குறியிட்ட எஃகு போல்ட் 640 வரை தாங்கும். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்தான் வேண்டும். பொறிப்பே இல்லாத போல்டைப் பரிசோதகர் கழற்றச் சொல்வார். துருவுக்குப் பயந்து, 8.8-ஐவிட வலுவான 10.9, 12.9 போல்டுகளை உள்ளூர் முலாம் பட்டறையில் துத்தநாகம் ஏற்றக் கொடுப்பதும் தவறு. அமிலத்தில் முக்கும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடும். முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் 200 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி அதை வெளியேற்றாவிட்டால், இறுக்கி வைத்த போல்ட் ஒருநாள் நின்ற இடத்திலேயே துண்டாகும். 8.8 போல்ட், மேலே மெழுகோ கிரீஸோ பூச்சு, மழைக்காலம் முடிந்ததும் ஒரு பார்வை. கடற்கரைக் காற்றுக்கு இதுவே போதும்.

பூட்டும் முறைக்கு பாஹா விதிப்புத்தகம் கறாரானது. நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது), ஸ்பிலிட் பின் போட்ட காசில் நட் (மேல் விளிம்பில் பள்ளங்கள் வெட்டியது), அல்லது கம்பி கட்டிய போல்ட், இவைதான் செல்லும். ஸ்பிரிங் வாஷரும் மரைப்பசையும் செல்லாது. நட்டுக்கு வெளியே குறைந்தது இரண்டு மரை தெரிய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் விதி திருத்தப்படும் என்பதால் அந்த ஆண்டுப் புத்தகத்தையே வைத்துக்கொள்ளுங்கள். விரலால் திருகி ஏற்றக்கூடிய நைலாக் நட் செத்த நட், மாற்றுங்கள். காசில் நட்டில் ஸ்பிலிட் பின் துளை ஒத்துவராவிட்டால் அடுத்த பள்ளத்துக்கு இறுக்கியே போக வேண்டும். தளர்த்தித் துளையைப் பிடிக்கக் கூடாது. 8.8 போல்டுக்கு உலர்ந்த மரையில் சுமாரான இறுக்கம் 8 மி.மீ.-க்கு 25 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ.-க்கு 49, 12 மி.மீ.-க்கு 85. பால் ஜாயின்ட் நட்டுக்கு இதைப் போடாமல் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். இறுக்கிய பிறகு நட்டிலும் போல்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு. கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்துவிட்டது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

வெல்டு இருக்கிற இடங்களை, அதாவது ஸ்டீயரிங் வீல் ஹப், ராக் பிராக்கெட், ஸ்டீயரிங் கை ஆகியவற்றைப் பெயின்ட் அடிப்பதற்கு முன் சிவப்புச் சாயச் சோதனை செய்துவிடுங்கள். மூன்று கேன் கொண்ட செட்டாக வரும்: கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். கிளீனரால் துடைத்து, உலர்ந்ததும் சாயம் அடித்து, 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். பிறகு கிளீனர் நனைத்த துணியால் மேலாகத் துடைக்க வேண்டும். நேரடியாகக் கிளீனரைப் பீய்ச்சினால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய், வெல்டு நன்றாக இருப்பதாகப் பொய் சொல்லும். டெவலப்பர் மெல்லிய படலமாகப் படிந்து 10 நிமிடத்தில் சிவப்புக் கோடு தெரிந்தால் அந்த வெல்டை முழுக்க அரைத்து எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். சோதனைக்கு முன் கிரைண்டர் போடாதீர்கள், உலோகம் மழுங்கி விரிசல் வாயை மூடிவிடும். பெரும்பாலான கேன்கள் 50 பாகைக்கு மேல் சரியாக வேலை செய்யாது. சித்திரை வெயிலில் கிடந்த இரும்பு அதைத் தாண்டியிருக்கும். காலை நிழலில் செய்யுங்கள்.

கடைசியாக ஆட்டத்தை அளக்க வேண்டும். ஃபார்முலா மாணவர் விதியில் ஸ்டீயரிங் வீலில் மொத்த ஆட்டம் 7 பாகைக்கு மேல் கூடாது. 260 மி.மீ. விட்டமுள்ள வீலின் ஓரத்தில் அது சுமார் 16 மி.மீ., 350 மி.மீ. வீலில் சுமார் 21. முன்சக்கரங்களைத் தரையில் வைத்து, வீலின் ஓரத்தில் டேப் ஒட்டிக் குறித்துப் பாருங்கள். அதிகமாக இருந்தால் ராக்கில் கைவைப்பதற்கு முன் ஹப் ஸ்பிளைன், யூனிவர்சல் ஜாயின்ட், கிளாம்பு ரப்பர், பால் ஜாயின்ட் என்று மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். கழற்றி மாட்டும் ஹப் போட்ட வண்டிகளில் ஆட்டத்தின் பெரும்பங்கு அங்கேயேதான் இருக்கும். அதை விட்டுவிட்டு ராக்கின் திருகை இறுக்குகிறவர்கள், நன்றாக இருந்த ராக்கைச் சிக்க வைத்துவிடுகிறார்கள்.

மண், மேடு, பள்ளம் என்று ஓடும் பக்கிக்கு இந்த ராக் கண்ணை மூடிக்கொண்டு சரி என்பேன். சிமென்ட் தடத்தில் நெருக்கமான வளைவுகளில் ஓடும் ஃபார்முலா வகை வண்டிக்கு வேண்டாம். எடையும் கூடுதல், கோடிக்குக் கோடி திருப்ப வேண்டிய சுற்றும் கூடுதல். கை மாற்றி மாற்றிப் பிடித்துத் திருப்புவதற்குள் வளைவு முடிந்துவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு, எஃகுக்கும் கடினத்துக்கும் தாள் தருகிற தயாரிப்பாளரிடம் புது ராக் வாங்கிக்கொள்ளுங்கள்.